பெரிது என்பதெல்லாம் மேம்பாடு அன்று

மலையேற்றத்தில் பழைய எஞ்சின் இளைக்கிறது, கரும்புகை கக்குகிறது, குடிக்கும் பெட்ரோலுக்கு அளவில்லை. உடனே ஒரு தீர்ப்புப் பிறந்துவிடுகிறது: கார்புரேட்டர் போதவில்லை, பெரிதாக ஒன்றை வாங்கி மாட்டவேண்டும். தீர்ப்பு வழங்குபவர் எஞ்சினின் மூடியைத் திறந்தும் பார்த்திருக்கமாட்டார். எனினும் அத்தீர்ப்புக்கு ‘மேம்படுத்தல்’ என்னும் அழகிய பெயரும் சூட்டப்படுகிறது. பணம் செலவாகிறது, புதிய பித்தளையும் அலுமினியமும் பளபளக்கின்றன, வண்டியோ முன்னிலும் மோசமாக இளைக்கிறது.

இதனை ஓர் ஊர்தியின் சிறு பழுதென்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதன் அடியில் கிடப்பது ஓர் எண்ணத்தின் பழுது. பெரிதானது நல்லது, புதியது சிறந்தது, வெளியிலிருந்து வருவது உயர்ந்தது என்னும் எண்ணம் அது. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் உழைக்கும் பழைய லேண்ட் ரோவர்கள் அவ்வெண்ணத்தை நாள்தோறும் மறுத்துக்கொண்டிருக்கின்றன. அம்மறுப்பைக் கேட்கவேண்டியவர்கள் ஊர்தி உடைமையாளர்கள் மட்டும் அல்லர். தமிழாசிரியர்களும் மாணவர்களுமே முதன்மையாகக் கேட்கவேண்டும்.

மலையும் ஊர்தியும்

பகாங் மாநிலத்தின் இம்மலைநிலம், 1885-ஆம் ஆண்டில் நில அளவைப் பணிக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்தது. காடு திருத்தியவர்களிலும், செடி நட்டவர்களிலும், கொழுந்து கிள்ளியவர்களிலும் தமிழர் பெருந்தொகையினர் என்பதை இங்கு யாருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்ட லேண்ட் ரோவர், இம்மலைக்கென்றே செய்யப்பட்டது போல வந்து பொருந்தியது. போருக்குப் பின் இரும்புத் தகடு அரிதாயிருந்தமையால் அதன் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. மலையின் ஈரத்தில் அது துருவேறவில்லை. 1958-இல் வந்த இரண்டாம் வரிசையும், 1971-இல் தொடங்கி 1985 வரை செய்யப்பட்ட மூன்றாம் வரிசையும், 2,286 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பெட்ரோல் எஞ்சினைப் பெற்றிருந்தன. தொழிற்சாலையை விட்டு வெளிவந்து நாற்பது, ஐம்பது, அறுபது ஆண்டுகள் கடந்தும் அவ்வண்டிகள் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் காய்கறிக் கூடைகளையும் உரமூட்டைகளையும் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. டீசல் எஞ்சின் கொண்டவற்றுக்குக் கார்புரேட்டரே இல்லை. இங்கு எழும் வழக்குப் பெட்ரோல் எஞ்சினோடு எஞ்சியிருப்பவற்றைப் பற்றியது.

காற்றின் கணக்கு

கார்புரேட்டரின் வேலை ஒன்றே. எஞ்சின் இழுக்கும் காற்றில், தகுந்த அளவு பெட்ரோலைத் துகளாக்கிக் கலப்பது. குழாயின் இடை குறுகும்போது அதனூடே செல்லும் காற்று விரைகிறது; விரையும் காற்றின் அழுத்தம் குறைகிறது; குறைந்த அழுத்தம், மிதவை அறையில் நிற்கும் பெட்ரோலைச் சிறு துளை வழியே உறிஞ்சுகிறது. அத்துளைதான் பட்டறையில் ‘ஜெட்’ எனப்படுவது. டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலும், வெஞ்சூரி என்னும் இத்தாலிய அறிஞர் 1797-இல் வெளியிட்ட ஆய்வும் விளக்கிய உண்மைகளே அச்சிறு பித்தளைத் துண்டில் குடியிருக்கின்றன.

பெட்ரோல் முற்றும் எரிவதற்கு, ஒரு பங்கு எடைக்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடைக் காற்று வேண்டும். வலிமை மிகுதியாக வேண்டின் 12.5 முதல் 13 வரை போதும். இவ்வெல்லைக்குள் நிற்கும் எஞ்சின் உழைக்கும். காற்றுப் பங்கு மேலும் குறைந்தால் கலவை செறிந்துவிடும்; அப்போது புகையும் கரியும் தோன்றும்; சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு உலோகம் தேயும்.

இங்குதான் மலை தன் கணக்கைத் தொடங்குகிறது. தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் 84 விழுக்காடு. மலையின் குளிர்ச்சி காற்றைச் சற்றுச் செறிவாக்குவதால், வெப்பம் மிகுந்த சமவெளியோடு ஒப்பிட அடர்த்தி ஏறத்தாழ 12 விழுக்காடு குறைகிறது. 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையுச்சியில் இக்குறைவு 17 விழுக்காட்டை எட்டும். எஞ்சின் விழுங்கும் காற்றின் கன அளவு மாறவில்லை; அதன் எடை குறைந்துவிட்டது. பெட்ரோலும் அதே விகிதத்தில் குறைந்தால் தீங்கில்லை. ஆனால் கார்புரேட்டர் அவ்வாறு குறைப்பதில்லை. காற்றின் அடர்த்தி குறையும் அளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே பெட்ரோல் குறைகிறது. அதன் விளைவாகத் தானா ராத்தாவில் கலவை 6 முதல் 7 விழுக்காடு வரை செறிந்துவிடுகிறது. மலையுச்சியில் 10 விழுக்காடு. சமவெளியில் 13-க்கு ஒன்றெனச் சரிசெய்த வண்டி, தானா ராத்தாவில் 12.2-க்கு ஒன்றென உண்கிறது.

ஆகவே மலையில் இளைக்கும் எஞ்சின் பெட்ரோலுக்காகப் பசித்திருக்கவில்லை. மிகையாக உண்டு மூச்சுத் திணறுகிறது. அதற்குப் பெரிய கார்புரேட்டரைப் பூட்டுவது, அசீரணத்தால் வாடுபவனுக்கு விருந்து வைப்பதை ஒக்கும்.

பெரிய வாயின் குற்றம்

பெரிய கார்புரேட்டர் ஏன் தோற்கிறது என்பதை மாணவன் ஒருவன் தாளில் கணக்கிட்டே அறியலாம். குறுகிய இடையின் விட்டம் 28 மில்லிமீட்டர் என்று கொள்க. அதனை 32 மில்லிமீட்டராக அகலப்படுத்தினால் பரப்பு 31 விழுக்காடு கூடுகிறது. எஞ்சின் அதே வேகத்தில் சுழலும்போது, அவ்விடையில் காற்றின் விரைவு 77 விழுக்காடாகத் தாழ்கிறது. உறிஞ்சும் ஆற்றலோ விரைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது 59 விழுக்காடாக வீழ்கிறது. ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு ஆற்றல் கைநழுவிப் போகிறது. பெட்ரோல் துகளாகச் சிதறாமல் துளியாக வடிகிறது. குளிர்ந்த குழாய்ச் சுவரில் அது படிந்து, ஒரு சிலிண்டருக்கு மிகுந்தும் மற்றொன்றுக்குக் குறைந்தும் சேர்கிறது.

நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளைத் தாண்டி ஓடும் பந்தய வண்டிக்கு அகன்ற வாய் பயன்படும். அதனை மறுப்பது அறிவன்று. ஆனால் தேயிலைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், கொழுந்து மூட்டைகளோடு, தாழ்ந்த கியரில், 1,500 சுற்றுக்கும் 2,000 சுற்றுக்கும் இடையே ஊர்ந்தேறும் வண்டிக்கு அது பகையே. பந்தயத் திடலின் தேவை வேறு. தோட்டத்தின் தேவை வேறு. ஒன்றன் அளவுகோலை மற்றொன்றின்மேல் சுமத்துவது, முழம் போடவேண்டிய இடத்தில் மரக்காலைக் கொண்டுவருவது போன்றது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் எஞ்சினுக்கு முதலில் சோலெக்ஸ் கார்புரேட்டரும், 1960-களின் பிற்பகுதியிலிருந்து செனித் 36 ஐவி என்பதும் வந்தன. செனித்தின் மேல்மூடி காலப்போக்கில் வெப்பத்தால் வளைந்து, உடலோடு ஒட்டாமல் போவதுண்டு. உள்ளிருக்கும் சிறு ரப்பர் வளையமும் இறுகிச் சுருங்கும். உடனே எஞ்சின் மெல்லோட்டத்தில் தடுமாறும், புகையும். கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, மூடியின் முகத்தைப் பொறுமையாகத் தேய்த்துச் சமனாக்கி, புதிய வளையமும் அடைப்புத் தாளும் இட்டால் நோய் தீரும். சில்லறைக் காசு, ஒரு பிற்பகல் உழைப்பு. ஆனால் நடப்பது என்ன? செனித் கழற்றி எறியப்படுகிறது. வெபர் வாங்கப்படுகிறது. வெபர் 34 ஐசிஎச் குறையுள்ள பொருளன்று. எளிய அமைப்பும் நம்பகமும் உடையது. ஆயினும் வாங்கிய பெட்டியிலிருந்து எடுத்தவாறே, மலைக்கேற்ற ஜெட் இடாமல் பூட்டினால், பழைய செறிவு நோய் புதிய உடம்பில் தொடரும். நோயைக் காணாமல் நோயாளியை மாற்றிய மருத்துவம் அது.

எது முந்தியது, எது பிந்தியது

சீர்செய்தலுக்கு ஒரு வரிசை உண்டு. அவ்வரிசையைப் பிறழவிடுபவர் கார்புரேட்டரின் திருகை ஆயிரம் முறை திருப்பினாலும் பயன் காணார். முதலில் சிலிண்டர்களின் அழுத்தம் அளக்கப்படவேண்டும். அடுத்து வால்வுகளின் இடைவெளி. இவ்வெஞ்சினுக்கு அது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். அதன்பின் தீப்பொறி வழங்கியின் முனை இடைவெளி, பிளக்கு, பொறி பிறக்கும் நேரம் ஆகியவை. காற்று வடிகட்டி அடைபட்டிருந்தால் அதுவே கலவையைச் செறிவாக்கிவிடும். பழைய லேண்ட் ரோவரின் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி, பார்வைக்குக் கரடுமுரடானது. எனினும் தோட்டத்துப் புழுதியை அடக்கத் தக்கது. அதனைப் பிடுங்கிவிட்டுப் பளபளக்கும் சிறு வடிகட்டியைச் செருகுவதும் ‘மேம்படுத்தல்’ என்ற பெயரிலேயே நடக்கிறது. இவை அனைத்தும் சரியான பின்னரே கார்புரேட்டரில் கை வைக்கவேண்டும். அப்போதும் முதலில் பார்க்கவேண்டியவை மிதவையின் மட்டமும், ஊசி வால்வின் தேய்மானமும், திராட்டில் தண்டின் ஆட்டமுமே.

இறுதியில் ஜெட். வெபர் ஜெட்டின் மேல் பொறித்துள்ள எண், அதன் துளை விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்காகக் குறிப்பது. 125 என்பது 1.25 மில்லிமீட்டர். அதனை நீக்கி 120 இட்டால் துளையின் பரப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. தானா ராத்தாவின் காற்று கேட்கும் திருத்தம் கிட்டத்தட்ட அவ்வளவே. பெரிதாக்கவேண்டும் என்று உலகம் கூவிய இடத்தில், எஞ்சின் கேட்டது மயிரிழையளவு சிறிய ஒரு துளை!

ஆயினும் இதுவும் எல்லார்க்கும் பொதுவான விதியன்று. மலையிலேயே உழைத்து மலையிலேயே உறங்கும் வண்டிக்குச் சிறிய ஜெட் ஏற்றது. அதே வண்டி நாள்தோறும் தாப்பாவுக்கு இறங்குமானால், சமவெளியின் அடர்ந்த காற்றில் கலவை மெலியும், எஞ்சின் சூடேறும், கரிவாயில் வால்வு கருகும் அபாயமும் உண்டு. அத்தகைய வண்டிக்கு இடைப்பட்ட அளவே தக்கது. பிளக்கின் முனை அதற்குச் சான்று கூறும்: கரி படிந்து கறுத்திருந்தால் செறிவு, வெளுத்திருந்தால் மெலிவு, இளம் பழுப்பு நிறமானால் இயைவு. எந்தப் பாதையில், எந்தச் சுமையோடு, எந்த உயரத்தில் உழைக்கிறது என்று கேட்காமல் எந்த எஞ்சினுக்கும் மருந்து கூற முடியாது. மேம்பாடு என்பது இடத்தோடு இயைதல்.

மறுப்பாரின் வழக்கு

இதற்கு மறுப்புரைப்போர் உளர். கார்புரேட்டரின் காலம் முடிந்தது என்பர். புதிய வண்டிகளில் மின்னணுக் கருவி காற்றை அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. மலையேறினால் தானே திருத்திக்கொள்கிறது. பின் எதற்கு இப்பழம்பாட்டு என்பர். அவர் கூறுவது மெய். கலவையை அளப்பதிலும் புகையைக் குறைப்பதிலும் மின்னணுப் பீய்ச்சி கார்புரேட்டரை வென்றுவிட்டது. அதில் ஐயமில்லை. ஆனால் கற்பித்தலில் அது வெல்லவில்லை. மூடிய பெட்டிக்குள் நிகழும் கணக்கை மாணவன் கண்ணால் காண முடியாது. கார்புரேட்டரைப் பிரித்து மேசைமேல் பரப்பினால், அழுத்தமும் விரைவும் அடர்த்தியும் கைக்குள் வந்து அமர்கின்றன. மிதவை எழுவதும் ஊசி அடைப்பதும் ஆர்க்கிமிடீசுக்கு உரை எழுதுகின்றன. பழைய கருவி என்பதாலேயே அது சிறந்த ஆசான்.

வேறு சிலர், இவற்றைத் தமிழில் சொல்ல முடியாது என்பர். இக்கூற்று ஒன்றே கண்டனத்துக்கு முற்றும் உரியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். மனித உடம்பின் நரம்பையும் எலும்பையும் ஏந்தத் தெரிந்த மொழிக்கு ஒரு மிதவையும் ஓர் ஊசியும் சுமையாகிவிடுமா? இராஜாஜி வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார், பெ. நா. அப்புசாமி வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தமிழில் எழுதினார். வழி புதிதன்று, நடப்போர்தாம் குறைவு.

உண்மையில் தமிழ் ஏற்கெனவே அவ்வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, எண்ணெய் மிகுதியாகக் குடிக்கிறது, காற்று திருடுகிறது, பிளக்கு கறுத்துவிட்டது என்று பட்டறையில் ஒருவர் கூறினால், எஞ்சினின் நிலையைப் பிழையின்றி மற்றவர் அறிந்துகொள்கிறார். பொருள் மயக்கமற்ற அந்தப் பேச்சு, எழுத்தில் ஏறவில்லை என்பதே குறை. அதனை எழுத்தில் ஏற்றவேண்டிய பொறுப்பு யாருடையது?

வகுப்பறையின் கடன்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கைக்கு உட்பட்டன. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பின்னர் மாற்றம் தொடங்கியது. அறிவியல் தமிழுக்காக அந்நாள்களில் எழுந்த குரல் நியாயமானது. ஆனால் உரிமை மீண்டபின் அவ்வுரிமையைக் கொண்டு எழுதப்பட்டது என்ன என்னும் வினாவும் நியாயமானதே. மேடைகளில் தமிழின் தொன்மை முழங்குகிறது. கார்புரேட்டருக்குத் தூய தமிழ்ப் பெயர் எது என்னும் வழக்கில் ஒரு மணி நேரம் கழிகிறது. அது என்ன செய்கிறது என்று கேட்க ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. பெயர் சூட்டுவது விலக்கத்தக்கதன்று. பிள்ளையைத் தூக்கிப் பாராமலே பெயர் சூட்டுவதுதான் விலக்கத்தக்கது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் மாணவன், தன் தந்தையின் வண்டி புகையும்போது காரணத்தைத் தேடாமல் புதிய பொருளைத் தேடுவானாயின், அவன் கற்றது குறளா, ஓசையா? காரணம் தேடும் பழக்கத்தை இலக்கியப் பாடம் விதைக்கவேண்டும். அறிவியல் பாடம் அதற்கு நிலம் தரவேண்டும். இரண்டுக்கும் நடுவே வேலியிட்டவர் கல்விக்குத் தீங்கு செய்தவர் ஆவர்.

தோட்டத்து வாழ்வின் துயரைப் பாடியவர் பலர். அத்துயர் மெய்யானது, பாடத்தக்கது. ஆனால் தோட்டத்துத் தமிழனின் அறிவைப் பாடியவர் அரியர். கூடை சுமந்த முதுகு கவிதையில் இடம்பெற்றது. எஞ்சினின் ஒலியைக் கேட்டே கலவையின் செறிவை உணரும் காது இடம்பெறவில்லை. வலியை மட்டும் எழுதி அறிவை எழுதாமல் விட்டால், வருந்தலைமுறை தன் முன்னோரை இரங்கத்தக்கவர் என்று மட்டுமே அறியும்; மதிக்கத்தக்கவர் என்று அறியாது. இதனினும் பெரிய இழப்பு ஒரு சமூகத்துக்கு வேறில்லை. பட்டறையில் முதுமை எய்தும் ஒவ்வொரு கையோடும், எழுதப்படாத ஒரு நூல் மறைந்துகொண்டிருக்கிறது.

செய்யவேண்டியது அரியதும் அன்று. ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழல் ஒன்றை நிறுத்தி, மற்றொரு குழலால் அதன் வாய்க்குக் குறுக்கே விரைவாக ஊதினால், நீர் மேலேறித் துகளாகச் சிதறும். பெட்ரோலும் வேண்டா, நெருப்பும் வேண்டா. கார்புரேட்டரின் உயிர்நிலை அக்குவளையில் தெரியும். மலைச்சாரல் பள்ளி ஒன்றில் இதனைக் காட்டியபின், ஆசிரியர் மாணவரைப் பட்டறைக்கு அனுப்பி, அங்குள்ள பெரியவர் கூறுவதைக் கேட்டெழுதச் செய்யலாம். கருவிகளின் பெயர், பழுதுகளின் பெயர், அவற்றைக் கண்டறியும் முறை ஆகியவற்றை வரிசைப்படுத்தலாம். அது கட்டுரைப் பயிற்சியும் ஆகும், சொற்கோவையும் ஆகும், வரலாற்று ஆவணமும் ஆகும்.

தமிழுக்கு மேம்பாடு தேடுவோர், பெரிய மண்டபமும் பெரிய மாநாடும் பெரிய சொற்களுமே வழியென்று எண்ணுவது, 28 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 32-ஐப் பூட்டுவதற்கு ஒப்பாகும். வாய் அகலும்; விரைவு குறையும்; உள்ளிருப்பது துகளாகிப் பரவாமல் சுவரில் வடியும். மொழியும் தான் உழைக்கும் இடத்தோடு இயையவேண்டும். தமிழாசிரியர் மேசைமேல் அகராதிக்கு அருகே ஒரு பழைய கார்புரேட்டரும் இருக்குமானால், அதனால் அகராதிக்கு இழுக்கில்லை; அதன் பக்கங்கள் சில கூடும்.